அழிறப்பர் வைத்தியம்

கணினி எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தால் முதலில் பயப்படாதீர்கள், ஐயா. எங்கள் பக்கம் வாவிக்காற்றில் உப்பு இருக்கிறது. ராம் என்று ஒரு பட்டைத் துண்டு உள்ளே நிற்கும். அதன் மஞ்சள் பற்களில் உப்புப் பிடித்தால் கணினிக்கு எதுவும் ஞாபகம் வராது. கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் வேலை முடிந்தது.

களுதாவளையில் என் கடை ஓடியதே அந்த அழிறப்பரால்தான். சனத்திடம், "பெரிய வருத்தம், ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்பேன். பெட்டியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் கிடத்தியதுபோல ஃபேனுக்குக் கீழே வைத்திருப்பேன். யுத்த காலத்தில் எல்லாரும் எப்படியோ பிழைத்தார்கள், நான் இப்படி.

நல்லரத்தினம் அதைக் கெடுத்தான். வெல்லாவெளிக்காரன், கணக்கு வாத்தியார், எப்போதும் சிரித்த முகம். ஒருநாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டான்.

"இதுக்குத்தானா வல்லிபுரமண்ணன் எங்கள இவ்வளவு நாளும் அலைய விட்டீங்க?"

நானும் சிரித்தேன். அதோடு விட்டானா? போகிற இடமெல்லாம் சொன்னான். கடைக்கு ஈ காக்கைகூட வரவில்லை. பொடியன்கள் வாசலில் நின்று அழிறப்பரைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அவனே ஒரு பழைய கணினியோடு வந்தான். வெல்லாவெளியில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்புத் தொடங்கப் போகிறானாம். எவ்வளவு தேய்த்தும் இது எழும்பவில்லையாம். பவர் சப்ளை போயிருந்தது. மாற்றினேன், நன்றாக எழும்பியது.

"கண்ணகை விளக்கேத்தித் தொடங்கிறதெண்டு நிக்கிறாள் அண்ணன்" என்றான். கண்ணகை அவன் பெண்சாதி.

வெல்லாவெளி வாவிக்கு அக்கரையில். அந்த நாளில் கணினியோடு வாவியைக் கடப்பதென்றால், கரையில் சென்றிக் காவலரணில் ஆமிக்காரர் வயரைக் கொழுவி, கணினியைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். பெட்டிக்குள் குண்டு இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இது ஊருக்கே தெரியும்.

மூடுவதற்கு முன் ராமின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கிளப்பிவிட்டேன். அப்படி விட்டால் கணினி எழும்பாது. பீப், பீப் என்று கத்தும். அவனும் நாலு பேருக்கு முன்னால் அசடு வழியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மிச்சம், சென்றி வரிசையில் அவனுக்குப் பின்னால் சைக்கிளோடு நின்ற உசனார் காக்கா சொன்னது. பெட்டி கத்தியதும் ஆமிக்காரர் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்களாம். நல்லரத்தினம் மட்டும் சிரித்தானாம். "ஒண்டுமில்ல சேர், ராம்தான்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டானாம். சுட்டுவிட்டார்கள். விழுந்தவன் கையில் அழிறப்பர் இருந்ததாம்.

செத்த வீட்டுக்குப் போனேன். கண்ணகை என்னைக் கண்டதும், "நீங்க திருத்தினதுதானே அண்ணன், அதுக்கு என்ன நடந்த?" என்று கேட்டாள்.

"வாவிக்காத்து, தங்கச்சி" என்றேன்.

சுட்டது நானில்லை, ஐயா. சென்றியில் பைக்குள் கைவிடச் சொன்னதும் நானில்லை. ராம் பயணத்தில் தானாகவும் கிளம்பும். ஆனால் அந்தச் சத்தம் வர, பெட்டிக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் வேண்டும். அவன் கொண்டுவந்த கணினியில் அது இருக்கவில்லை. நான்தான் தேடிப் பிடித்துப் போட்டேன். அதற்கு அவனிடம் காசுகூட வாங்கவில்லை.