பாகு ஆறிவிட்டது

இஞ்சி பிஸ்கட்டில் பொம்மை வீடு கட்ட, மாவை முந்தின நாளே பிசைந்து குளிர வைத்துவிட வேண்டும், இன்ஸ்பெக்டர். அன்றைக்கே தேய்த்தால் சுவர்கள் உப்பிவிடும், கூரை உட்காராது. ஸ்டாக்ஹோமில் நீங்கள் கடையில் வாங்கிவிடுவீர்கள். இங்கே வடக்கில் நாங்கள் வீட்டில்தான் சுடுவோம்.

இந்த வீடு கட்டுவதைக் குழந்தைகளுக்காக இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளில் இரண்டாவது மெழுகுவத்தி ஏற்றும் ஞாயிறன்று, எட்டுக் குழந்தைகள், எட்டு வீடுகள். சுவர்களைச் சுட்டு, அளவுகோல் வைத்து நறுக்கி, கொதிக்கும் சர்க்கரைப் பாகில் முக்கி ஒட்டித் தருவேன். ஐசிங்கும் மிட்டாயும் அவர்களுக்கு. பாகு வாணலி எனக்கு மட்டும். அந்த ஒரு விதியைத்தான் மதித்தார்கள். மற்றபடி ஐசிங் பையை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள், ஜன்னல் இருக்கும் இடத்தில் வாசலை வரைவார்கள். நான் செய்து வைத்த மாதிரி வீட்டைப் பார்த்து ஒரு பிள்ளைகூடக் கட்டியதில்லை. இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட இல்லை.

அந்த மாதிரி வீடுதான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் ஊர் நூலகத்தின் ஜன்னலில் நிற்கும். பனியில் நின்று ஜனங்கள் பார்ப்பார்கள். எனக்கு வேறு பெருமை கிடையாது.

போன வருஷம் மாடி வீட்டு டீராவுக்கு ஆறு வயது. அவள் கட்டியது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கூரையில் ஓட்டை வேறு. எதற்கு என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா உள்ள இருக்கறவங்க வாயைத் தொறந்து குடிச்சுக்குவாங்க, குன்வோர்," என்றாள், என் பெயரைச் சொல்லி. பிறகு என்னுடையதை எட்டிப் பார்த்தாள். "உங்க வீட்ல ஆளே இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மகனைக் கூட்டிப் போக வந்த நூலகக்காரி பெர்னில்லாவும் சிரித்தாள். "இந்தத் தடவை இந்த வாயாடியோடத வைப்போமே. உங்களோடதத்தான் வருஷா வருஷம் பாக்குறோம். கோச்சுக்காதீங்க," என்றாள்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. வயிற்றெரிச்சல் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அது அலுப்பு. ஜனவரி பாதிவரை அந்தக் கோணல் வீடு ஜன்னலில் நின்றது. நான் சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

இந்த வருஷமும் டீராவை அழைத்தேன். விட்டுவிட்டால் நன்றாக இருக்காது. இடது கைக்காரி, அடுத்தவர் முழங்கை இடிக்கக் கூடாதென்று அவளைத் தனியாக அடுப்போரம் உட்கார வைத்தேன். மற்றவர்கள் கூடத்துக்குப் பிஸ்கட் தின்னப் போனபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. புகைபோக்கியைத் தானே ஒட்ட வேண்டுமாம்.

"பாகு சூடா இருக்கா?"

"ஆறிடுச்சு கண்ணு. விரல்ல தொட்டு எடுத்துக்கோ," என்றேன்.

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை நாள் கிடைக்காத அனுமதி அல்லவா. மூன்று விரல்களை நன்றாகவே அழுத்தினாள்.

அலறல் கேட்டு மாடியிலிருந்து அவள் அம்மா ஓடி வந்ததும், "தொடாதேன்னு நூறு தடவை சொன்னேனே," என்றேன்.

"ஆறிடுச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க," என்று டீரா அழுதாள்.

"இப்பவுமா கதை விடுவே?" என்று அம்மா அவளைத்தான் அதட்டினாள். மழை குடிக்கிற ஆட்களைப் பற்றிப் பேசும் பிள்ளையை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

இரண்டு விரல்கள் இனி முழுதாக மடங்காது என்கிறீர்கள். அம்மா இன்னும் அவளைப் பொய்க்காரி என்றுதான் நினைக்கிறாள் என்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள்: பிள்ளை சொன்னது உண்மை. ஆறிவிட்டதென்று நான்தான் சொன்னேன். வாணலி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது.

ஆனால் அவளுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கையை உடனே தண்ணீரில் முக்கியவள் நான். அதற்கென்றே ஒரு கிண்ணம் நிறையக் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, குழந்தைகள் வருவதற்கு முன்பே, அவள் நாற்காலியின் இடது பக்கத்தில் வைத்திருந்தேன். கெட்ட மனசுக்காரி அவ்வளவு யோசிப்பாளா?