வெண்ணந்தூரில் நான் கேட்காமல் விட்ட ஓசை

எத்தனை பேர் எத்தனை பேசினாலும் இரத்த அழுத்தம் ஏறாமல் இந்த அவையைக் கட்டிக்காக்கும் தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் ஃபாத்திமா அம்மையார் அவர்களே! முன்வரிசைக்கு முறையும் முதிர்ச்சியும் சேர்க்கும் மூத்தோரே! பிள்ளைகளைச் செவிலியராக்க அனுப்பிவிட்டுத் தேர்வு முடிவு வரும் வரை தங்கள் பிரஷரை ஏற்றிக்கொள்ளும் தாய்மாரே, தந்தையரே! சாப்பாட்டுக்கும் தங்களுக்கும் நடுவே நான் ஒருவன்தான் நிற்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டு, என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இக்கல்லூரி ஆசிரியன் வின்சென்டின் அன்பு வணக்கம்.

இன்று திறக்கவிருக்கும் கணினிப் பயிற்சிக்கூடத்தைப் பாராட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கூடம் வேண்டவே வேண்டாம் என்று கடிதம் கொடுத்தவனும் இதே வின்சென்ட்தான்! கை தட்டாதீர்கள் ஐயா, அந்தக் கடிதம் இன்னும் முதல்வர் அம்மாவின் மேசையில் பத்திரமாக இருக்கிறது.

“கணினியா கை பிடிக்கும்? கணினியா காது கொடுக்கும்? இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிரஷர் பார்க்கும் எனக்கு, பித்தான் அமுக்கும் பெட்டியா பாடம் சொல்லும்?” என்று முழங்கினேன். முழங்கியவனின் முகம் எப்படி வாடியது, அதைக் கேளுங்கள்.

போன தை மாதம் வெண்ணந்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். நம் மூன்றாமாண்டு மாணவிகள் வெள்ளை உடையில் அணிவகுத்து அமர்ந்திருந்தார்கள். முதலில் வந்தவர் சென்னியப்பன் என்கிற விவசாயி. ஒரு மாணவி பிரஷர் அளந்து நூற்றிருபது என்றாள். பக்கத்தில் இருந்தவள் சந்தேகப்பட்டு அளந்து நூற்றைம்பது என்றாள். மூன்றாமவள் நடுநிலை வகித்து நூற்று முப்பத்தாறு என்றாள். சென்னியப்பன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க கண்ணு, ஆளுக்கொரு கணக்குச் சொல்றீங்களே! நான் உக்காந்த எடத்த உட்டு நவுரவே இல்லீங்களே!”

மண்டபமே சிரித்தது. என் மானம் சிரிப்பாய்ச் சிரித்தது! முதலாண்டில் முத்து முத்தாகச் செய்த பிள்ளைகள், மூன்றாமாண்டில் முறை மறந்து நின்றார்கள். நான் சும்மா இருப்பேனா? “தள்ளுங்க பிள்ளைகளா, பாத்துக் கத்துக்குங்க!” என்று நாற்காலியில் நானே உட்கார்ந்தேன்.

அடுத்து வந்தவர் முத்தாயம்மாள். விசைத்தறியில் வேலை செய்பவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். “காலைல எந்திரிச்சா பின்னந்தலை கனக்குதுங்க சாமி” என்றார். கையில் பிரஷர் பட்டையைக் கட்டினேன், பழக்கப்படி நூற்று அறுபது வரை காற்றடித்தேன், இறக்கினேன், கேட்டேன், நூற்று நாற்பது என்று எழுதினேன். “ஒண்ணும் பயமில்லைங்கம்மா. தறிச்சத்தத்துல தலை கனக்காம என்ன செய்யும்?” என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து முதல்வர் அம்மா ஆணையிட்டார். “பிரஷர் பாக்கிறதுக்குக் கணினியில ஒரு பாடம் வந்திருக்கு. முகாமுக்குப் போற முன்னாடி எல்லாரும் ஒரு தரம் பழகணும். எல்லாரும்னா, ஆசிரியர்களும்தான் வின்சென்ட் சார்.”

உட்கார்ந்தேன். இந்தக் கூடம் வருமுன், வெள்ளோட்டமாக நூலகத்தில் வைத்திருந்த கணினி அது. திரையில் ஒரு கை, கையில் ஒரு பட்டை, பக்கத்தில் இறங்கும் முள், காதில் ஓசை. எத்தனையில் ஓசை தொடங்கியது, எத்தனையில் நின்றது என்று நாம் எழுத வேண்டும். பன்னிரண்டு கேள்விகள். எனக்கு எத்தனை சரி என்று நினைக்கிறீர்கள்? பின்வரிசையில் யாரோ பத்து என்கிறார்கள். உன் நல்ல மனதுக்கு நன்றி தம்பி. ஐந்து! ஐந்தே ஐந்து!

முள் எங்கே நின்றாலும் நான் சுழியத்தில் முடியும் எண்ணாகவே எழுதியிருக்கிறேன். அது போகட்டும். ஆறாம் கேள்விக்கு நூற்று நாற்பது என்றேன். விடை இருநூறு! திரை விளக்கம் சொன்னது. அழுத்தம் மிகுந்த சிலருக்கு ஓசை மேலே தொடங்கும், நடுவில் அடங்கிப்போகும், கீழே மறுபடி கேட்கும். அடங்கிய இடத்திலிருந்து கேட்கத் தொடங்கினால் இரண்டாம் ஓசையை முதல் ஓசை என்று ஏமாறுவோம். அதனால்தான் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு, அது மறையும் வரை காற்றடித்து, அதற்கு மேலும் முப்பது ஏற்ற வேண்டும். எனக்குத் தெரியாததா? தெரியும்! ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். செய்துதான் பல ஆண்டு ஆகிவிட்டது!

பக்கத்து இருக்கையில், முகாமுக்கும் வந்திருந்த ஓமலூர் மாணவி தனப்பிரியா. மெல்லக் கேட்டாள்: “சார், வெண்ணந்தூர்ல அந்தத் தறிக்கார அம்மாவுக்கு… நீங்க நாடி தொட்டுப் பாக்கலைங்களே சார்?”

அவையோரே, அந்தப் பெண் அதட்டவில்லை, பழிக்கவில்லை. ஆனால் என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. மறுநாள் காலை முதல் பேருந்தில் தனப்பிரியாவையும் அழைத்துக்கொண்டு வெண்ணந்தூர் போனேன். தெருத்தெருவாக விசாரித்து, தறிக்கூடத்தில் கண்டுபிடித்தோம்.

“வாங்க சாமி! பேனாவ உட்டுட்டுப் போயிட்டீங்களா?” என்றார் முத்தாயம்மாள்.

“இல்லைங்கம்மா. அன்னிக்கு நான் சரியா பாக்கலைங்க. இன்னொரு தரம் பாக்க வந்தோம்” என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்ல, பேருந்தில் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

சத்தமில்லாத இடத்தில் ஐந்து நிமிடம் அமர வைத்து, தனப்பிரியாதான் அளந்தாள். நாடியைத் தொட்டாள், மறையும் வரை ஏற்றினாள், அதற்கு மேலும் ஏற்றினாள், மெல்ல இறக்கினாள். இருநூற்று எட்டில் ஓசை! பிறகு அமைதி. பிறகு நூற்று நாற்பதில் மறுபடி ஓசை. இரண்டாம் முறையும் அதேதான். ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி நானும் கேட்டேன். அன்று நான் கேட்காமல் விட்ட ஓசை அது.

“என்னங்க சாமி, மொகம் சுருங்கிப்போச்சு?”

“தப்பு என்னோடதுங்கம்மா. இப்பவே கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அரசு மருத்துவமனை மருத்துவர் இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார். “இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கை கால் விழுந்திருக்கலாம்” என்றார். இன்று மாத்திரையோடு, உப்பைக் குறைத்து, அளவோடு இருக்கிறார். “என்ற கதையச் சொல்லுங்க சாமி, நாலு பேருக்கு ஆகட்டும்” என்று அவர் அனுமதி தந்த பிறகுதான் இந்த மேடையில் சொல்கிறேன்.

செவிலியச் செல்வங்களே! கற்றது கைவிட்டுப் போகும், கைவிட்டது தெரியாமலே போகும், அதுதான் ஆபத்து! அந்தப் பெட்டியிடம் ஆயிரம் முறை தோற்றுப் போங்கள்! அதற்கு வலிக்காது, அதற்கு வாதம் வராது, அதன் வீட்டில் யாரும் அழ மாட்டார்கள்! அங்கே தோற்றுவிட்டு, நோயாளியின் அருகே வரும்போது நாடி தொட்ட விரலோடு வாருங்கள்! என்னைப் போன்ற ஆசிரியர் எவரேனும் “எனக்கா பாடம்?” என்று கேட்டால், ஓமலூர்ப் பெண்ணைப் போல மெல்ல ஒரு கேள்வி கேளுங்கள்!

தலைவர் அவர்கள் ஓர் அறிவிப்புக்கு இசைந்திருக்கிறார். கூடத்தைத் திறந்து வைக்கப்போவது நானோ, மேடையில் இருப்பவர்களோ அல்லர். மூன்றாம் வரிசையில் பச்சைச் சேலையில் அமர்ந்திருக்கும் முத்தாயம்மாள்! எழுந்து வாருங்கள் அம்மா!

என்ன சொல்கிறார்? “கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லீங்களே சாமி!” என்கிறாரா? கவலை வேண்டாம் அம்மா. தனப்பிரியா பக்கத்தில் நிற்பாள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், என் தவறைப் பொறுத்த அந்தத் தாய்க்கும் நன்றி கூறி, பசித்திருக்கும் பிள்ளைகளை வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்!