தையலுக்கு விட்ட தகரம்

மகள்: நிறுத்தும்மா! நிறுத்து! பிரேக்கை மிதி!

அம்மா: மிதிச்சுட்டேன்டி! எதுக்கு இப்படி உயிர் போற மாதிரி கத்துற? என்ன அது, டமார்னு?

மகள்: ஐயய்யோ... இடிச்சிடுச்சு.

அம்மா: எதுல? உங்கப்பாதானே பின்னாடி நின்னு 'வரட்டும், வரட்டும்'னு கையாட்டினாரு? அவரு கால் மேலயா ஏத்திட்டேன்?

அப்பா: என் கால் நல்லாத்தான் இருக்குன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு.

மகள்: அம்மா ரெண்டடி தள்ளித்தானே உக்காந்திருக்காங்க, நீங்களே சொன்னா வாய் சுளுக்கிக்குமாப்பா? ஷெட் கதவு நிலையில இடிச்சிருக்கும்மா.

அம்மா: ஸ்டியரிங்கை நேராத்தானேடி பிடிச்சேன்?

மகள்: நேராத்தான் வந்த. அதான் பிரச்சனையே. இறங்கிப் பாரு. பின்பக்க மட்கார்டு இந்தப் பக்கமும் முட்டுது, அந்தப் பக்கமும் முட்டுது.

அம்மா: ரெண்டு பக்கமுமா? அப்படின்னா...

மகள்: அப்படின்னா வண்டி கதவை விட அகலம்! கடவுளே! ரெண்டு வருஷம்மா! எஞ்சினைப் பிரிச்சு, துரு சுரண்டி, சீட்டு தைச்சு, பெயிண்ட் அடிச்சு... வெளியவே வர முடியாத காரை ஷெட்டுக்குள்ள உக்காந்து கட்டியிருக்கோம்! யாராவது கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க.

அம்மா: உள்ள வரும்போது இதே கதவு வழியாத்தானே வந்துச்சு?

மகள்: அது பழைய மட்கார்டு. ஸ்போர்ட்ஸ் கார்னா பின்பக்கம் புலி பதுங்கின மாதிரி இருக்கணும்னு அகலமா வரைஞ்சது நான்தானே... என்னைத்தான் உதைக்கணும்.

அம்மா: சும்மா புலம்பாத. என் பெட்டி ரெண்டும் டிக்கியில இருக்கு. அங்க என் தங்கச்சி எனக்காக ரூமைக் கூட்டி வச்சுட்டு வாசல்லயே நிப்பா. இப்ப என்ன பண்றதுன்னு உங்கப்பாவைக் கேளு.

மகள்: அப்பா, என்ன பண்றது? சுவரைக் கொஞ்சம் இடிக்கலாமா?

அப்பா: இடிக்கலாம். கூரை நம்ம தலையில உக்காரும்.

மகள்: மட்கார்டைக் கழட்டினா?

அப்பா: கழட்ட அது என்ன செருப்பா? வெல்டிங் பண்ணியிருக்கு. அறுக்கணும், தட்டணும், மறுபடி பட்டி பூசித் தேய்க்கணும், பெயிண்ட் அடிக்கணும்...

மகள்: எவ்வளவு நாள் ஆகும்?

அப்பா: ஆகும்.

மகள்: ஆகும்னா? நாளா, மாசமா?

அப்பா: அது... ஆகும்.

மகள்: நல்லாச் சொன்னீங்க. அம்மா, வாடகை வண்டி கூப்பிடவா? பெட்டியை அதுல மாத்திடலாம்.

அம்மா: வேண்டாம். பிரியறதுன்னு பேசின அன்னைக்கே சொன்னேன்ல? வீடு அவருக்கு, கார் எனக்கு. வண்டி ஓடுற அன்னைக்கு அதுலதான் போவேன்னு. நான் பேச்சு மாற மாட்டேன்.

அப்பா: மாற மாட்டா. அது எனக்குத் தெரியும்.

மகள்: என்னது?

அப்பா: ஒண்ணுமில்ல. அந்த டேப்பை எடு.

மகள்: எடுத்து? இருங்க, அளக்கறேன். பழசை விட நாலு விரல் கூட்டினாலும் பக்கத்துக்கு ஒரு விரல் இடைவெளி இருக்கும்னு கணக்குப் போட்டுத்தானே வரைஞ்சேன்? இதோ... என்னப்பா இது? ஆறு விரல் கூடியிருக்கு!

அம்மா: சரியாப் பாரு.

மகள்: சரியாத்தான் பாக்குறேன்! அந்தப் பக்கமும் ஆறு! நான் வரைஞ்சதுக்கு மேல ரெண்டு விரல் எங்கிருந்து முளைச்சுச்சு? தகரத்தை யாரு வெட்டினா?

அப்பா: நான்தான். அட்டை அளவு வச்சு.

மகள்: அட்டையை யாரு வெட்டினா?

அம்மா: அந்த டேப்பை இப்படிக் குடு, நானே பாக்குறேன்.

மகள்: அம்மா?

அம்மா: நான்தான். ஜாக்கெட்டுக்கு வெட்டுற மாதிரி. நீ வரைஞ்சதைப் பாத்துத்தான் வெட்டினேன். ஓரத்துல மட்டும் தையலுக்கு ரெண்டு விரல் விட்டேன்.

மகள்: என்ன... தையலுக்கா?

அம்மா: பழக்கம்டி. பின்னாடி பிரிச்சு விடணும்னா துணி இருக்கணும்ல?

மகள்: தகரத்துக்கும்மா! காருக்கும்மா! நாளைக்கு இது குண்டாயிடும், கொஞ்சம் பிரிச்சு விடலாம்னா?

அப்பா: அவளைத் திட்டாத.

மகள்: நீங்க பேசாதீங்கப்பா! லேத் பட்டறையில ஒரு நூல் அளவு கூடினாலே வேலையைத் தூக்கித் திருப்பி அனுப்புற ஆளு நீங்க. ரெண்டு விரல் உங்க கண்ணுல படவே இல்லையா?

அப்பா: பட்டுச்சு.

மகள்: ஆங்?

அப்பா: அட்டையைத் தகரத்து மேல வச்சப்பவே பட்டுச்சு.

மகள்: அப்ப நறுக்கியிருக்கலாமே!

அப்பா: நறுக்கலாம்னுதான் கத்தரியை எடுத்தேன். நறுக்கினா... வண்டி வெளிய போயிடும்ல.

மகள்: போகத்தானேப்பா கட்டினோம்!

அப்பா: என்னை அப்படிப் பாக்காத.

மகள்: எனக்குத் தலை சுத்துதுப்பா. இடிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டே பின்னாடி நின்னு 'வரட்டும், வரட்டும்'னு கையாட்டினீங்களா? புதுப் பெயிண்ட்டுப்பா அது! மூணு கோட்டு நான் தேய்ச்சது!

அப்பா: வேற எப்படித்தான் சொல்றது?

மகள்: எதை?

அப்பா: அதை... அதைத்தான்.

அம்மா: எதைச் சொல்லணுமோ அதை வாயால சொல்லணும்.

மகள்: அம்மா... நீ இப்ப அவர்கிட்டயே பேசின. நேரா!

அம்மா: நீ நடுவுல வராத. கேக்குறேன்ல, சொல்லுங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் எத்தனை தடவை பெட்டியைத் தூக்கியிருப்பேன்? ஒரு தடவையாவது 'இரு'ன்னு உங்க வாயில இருந்து வந்திருக்கா? கதவைத் திறந்து விட்டுட்டு ஓரமா நிப்பீங்க, வாட்ச்மேன் மாதிரி.

அப்பா: நீ போகணும்னு நினைக்கிறப்ப, நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு...

அம்மா: நில்லுங்களேன்! ஒரு தடவை நின்னாத்தான் என்ன?

அப்பா: அதான்... தகரத்தை நிக்க வச்சேன்.

அம்மா: தகரம் பேசாது.

அப்பா: போகாத.

அம்மா: எஞ்சின் சத்தத்துல காதுல விழல.

அப்பா: போகாதன்னு சொல்றேன்! இரு!

மகள்: அப்பா... அழறீங்களா? ஐயோ, இந்த வீட்டுல இன்னைக்கு என்னதான் நடக்குது?

அம்மா: சரி, எஞ்சினை அணைச்சாச்சு. இந்தாங்க சாவி. டிக்கியைத் திறந்து பெட்டியை எடுங்க. பெரியது கனம், இடுப்பைப் பிடிச்சுக்காதீங்க.

அப்பா: எடுக்கறேன். ரெண்டையும் நானே எடுக்கறேன். நீ தொடாத.

மகள்: அவ்வளவுதானா? அம்மா, உன்னை ஏமாத்தியிருக்காரும்மா! நீ பழக்க தோஷத்துல பண்ணின தப்பைப் பாத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம அதை வச்சே உன்னை மடக்கியிருக்காரு. உனக்குக் கோபமே வரலையா?

அம்மா: கத்தாத, பெட்டி எடுக்கறவருக்குக் கேட்கப் போகுது. யாருடி தப்புப் பண்ணினா? இத்தனை வருஷமா ஊருக்கே தைச்சுக் குடுக்கறேன், தகரத்துக்குத் தையல் கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா? முதல்ல இந்தக் கதவை அளந்தேன். அப்புறம்தான் அட்டையை வெட்டினேன்.