எட்டு மேட்ச் ஜெயிச்ச கையுறை

கீப்பர்: அண்ணே, வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி இது என்னது?

உடுப்பு அண்ணன்: டீம் உடுப்பு துவைக்கிற இடத்துல எதுக்குப்பா கையை விட்ட? மேட்சுக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. போ, ஃபுட்பால் ஷூவ மாட்டு...

கீப்பர்: கையுறைண்ணே. என் கையுறை!

உடுப்பு அண்ணன்: எல்லாக் கையுறையும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

கீப்பர்: பட்டையில என் பொண்ணு வரைஞ்ச நட்சத்திரம் இருக்கே!

உடுப்பு அண்ணன்: குடு அதை இப்படி!

கீப்பர்: இருங்க... நான் மாட்டியிருக்கிறதுலயும் நட்சத்திரம் இருக்கு!

உடுப்பு அண்ணன்: குழந்தை ரெண்டு வரைஞ்சிருக்கும்.

கீப்பர்: அண்ணே!

உடுப்பு அண்ணன்: கத்தாத, கோச் காதுல விழும்... நான்தான் வரைஞ்சேன்.

கீப்பர்: நீங்களா!

உடுப்பு அண்ணன்: மூணாவது மேட்சுக்கு முன்னாடி காணாமப் போச்சு. தேடாத இடமில்ல. நீயோ, இதுலதான் ராசி இருக்கு, துவைக்கக்கூடக் கூடாதுன்னு என் உயிரை வாங்கிட்டிருந்த. புதுசு ஒண்ணை எடுத்து, டீத்தண்ணில ஊற வெச்சு, தரையில தேய்ச்சு...

கீப்பர்: நாத்தம்கூட அதே நாத்தமா இருந்துச்சே!

உடுப்பு அண்ணன்: என் சாக்ஸு ரெண்டு நாள் அதுக்குள்ள கிடந்துச்சு.

கீப்பர்: ஐயையோ... ஒவ்வொரு மேட்சுக்கும் முத்தம் குடுத்தேனேண்ணே!

உடுப்பு அண்ணன்: பாத்தேன். எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

கீப்பர்: அப்போ... வரிசையா எட்டு மேட்ச் ஜெயிச்சது?

உடுப்பு அண்ணன்: ராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. புள்ளிவிவரம் பாக்கிறவர் அன்னிக்கே சொன்னாரே, காசைச் சுண்டினாக்கூட சில சமயம் எட்டு தடவை தொடர்ந்து தலை விழும்னு...

கீப்பர்: அவரை எல்லாரும் சேந்து ரூமை விட்டே விரட்டினோம்!

உடுப்பு அண்ணன்: ஆனா அவர் சொன்னதும் தப்பு. எல்லாம் உன் கைதான்! போலிக் கையுறையை மாட்டிக்கிட்டு ஆறு மேட்ச்... ஒரு கோல் விட்டியா? வெறும் திறமைப்பா! சந்தோஷப்பட வேண்டியதுதானே... ஏய், ஏன் உக்காந்துட்ட?

கீப்பர்: இன்னிக்கு என்னால ஆட முடியாதுண்ணே.

உடுப்பு அண்ணன்: என்னப்பா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? நான் சொல்லியிருக்கக் கூடாதோ...

கீப்பர்: ரெண்டாவது மேட்சுல கோல் கம்பத்துல தலை மோதிச்சே...

உடுப்பு அண்ணன்: டாக்டர்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே!

கீப்பர்: டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன். அன்னிலேருந்து எனக்கு இடது கண்ணு தெரியலண்ணே... அந்தப் பக்கம் வந்த ஒரு பந்தையும் நான் பாக்கல. கையுறை பிடிச்சுடும்னு நம்பித்தான் பாய்ஞ்சேன்.