ஏழாவது பொண்ணு கத்தணும்

– கட்! கட்! மச்சான், எந்தக் கொலைகாரனாவது கழுத்தை நெரிக்கிறப்ப "வலிக்குதா பாப்பா"ன்னு கேப்பானா?

– கேட்டுட்டேனா? வாய் தவறி வந்துடுச்சு மாப்ள. என்ன இருந்தாலும் கூடப்பிறந்த தங்கச்சி கழுத்து.

– இப்ப அவ உங்க தங்கச்சி இல்ல. ஆறாவது பொணம்.

– ஆறு பொணத்துக்கும் டைரக்டர் பொண்டாட்டியே படுத்தா, ஜனங்க சிரிக்க மாட்டாங்களாங்க?

– ஆளுக்கொரு விக் மாட்டியிருக்கோம்ல? சினிமான்னா அப்படித்தான்.

– மூணாவது விக் ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்துச்சு. இப்ப இந்த ரத்தம் வேற இனிக்குது.

– பீட்ரூட் சாறுல சர்க்கரைப் பாகு ஊத்துனேன். அப்பதான் கெட்டியா வழியும்.

– எறும்பு வந்தாச்சு. பொணம் சொறிஞ்சா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்.

– சரி சரி, எந்திரி. மூஞ்சியத் துடை. அடுத்தது கிளைமாக்ஸ், ஏழாவது பொண்ணு. மச்சான், அந்த ஜன்னல் போர்வைய இழுத்து விடுங்க. நடுராத்திரின்னு சொல்லிட்டு வெயில் அடிக்குது பாருங்க.

– மாப்ள... அந்த சீன் வேணாமே.

– என்னது? படமே அந்த சீனுக்காகத்தான்! நிஜத்துல அந்தக் கொலைகாரன்கிட்ட இருந்து தப்பிச்சவ அவ ஒருத்திதான். அவளாலதான் அவன் மாட்டுனதே.

– வேற யாரையாவது வச்சு எடுங்களேன்.

– சம்பளம் கேக்காத கொலைகாரனுக்கு நான் எங்க போவேன்? ஆறு பேரைக் கொன்னப்ப வராத இரக்கம், உயிரோட தப்பிக்கிறவ மேல எதுக்கு?

– அண்ணா, நீ பண்ணு. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆறு தடவை செத்ததே இந்த ஒரு சீனுக்காகத்தான். ஏங்க, நான் என்ன செய்யணும்? சொல்லுங்க.

– அப்படிக் கேளு! நீ தூங்குற. அவன் ஜன்னல் வழியா வந்து உன் வாயைப் பொத்துறான். நீ அவன் கையைக் கடிச்சு உதறிட்டு, வீடே அதிர்ற மாதிரி கத்துற.

– கத்த மாட்டா.

– யாரு?

– அந்தப் பொண்ணு. கட்டைவிரலைக் கடிப்பா. கடிச்ச கடிய விட மாட்டா. தலைமாட்டு மேஜையில இருக்குற இஸ்திரிப் பெட்டிய எடுத்து அவன் மண்டையிலயே போடுவா. ஆனா கத்த மாட்டா.

– போதும் பாப்பா.

– இருங்க மச்சான். இஸ்திரிப் பெட்டி ஐடியா பிரமாதம்! எந்தப் பேப்பர்லயும் இது வரலையே. ஆனா சத்தமே இல்லாட்டி தியேட்டர்ல தூங்கிடுவாங்கம்மா. கொல்ல வர்றவனைப் பாத்து எவளாவது கத்தாம இருப்பாளா? லாஜிக் இடிக்குது.

– போலீஸ் அவ பேரையே வெளிய விடல. அப்புறம் பேப்பருக்கு எப்படிங்க எல்லாம் தெரியும்?

– அதுவும் சரிதான்... ஐயோ, மச்சான் ஏன் அழறீங்க? மேக்கப் கலையுது!

– கேமராவ நிறுத்துங்க மாப்ள. பாப்பா, இத்தனை வருஷமா உன்கிட்ட இதைக் கேக்க எனக்குத் தைரியம் வரல. நான் பக்கத்து ரூம்லதானே படுத்திருந்தேன்? ஒரே ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே?

– எந்த ரூம்? என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?

– ஓடி வந்திருப்ப, அண்ணா. அதனாலதான் கத்தல. அவனோட இன்னொரு கையில கத்தி இருந்துச்சு.