கல்லு மாதிரி உடம்பு

– வூட்டுக்குள்ள கால வெக்காத மச்சான். அங்கயே நில்லு. சொல்ல வந்தத வாசல்ல இருந்தே சொல்லிட்டுப் போ.

– மாமா, வயித்துல போட்ட தையல் இன்னும் ஆறல உங்களுக்கு. கத்தாதீங்க. அக்கா, நீயாவது சொல்லேன்.

– நான் என்னத்தடா சொல்ல, பெரியநாயகம்? நீ இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஆயி மொதமொதல்ல போட்ட பாலிசி இவரோடது. கூடப் பொறந்தவன், நம்பிக் கையெழுத்துப் போடுங்கன்னு சொன்னவ நானு. இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உனக்காகப் பேசறது?

– கேட்டுக்க மதலேனா, எம்பத்தேழுல இவன் இதே வாசல்ல நின்னு என்ன பேச்சுப் பேசினான்! ‘உடம்பு நல்லா இருக்கறப்பவே வாங்கணும் மாமா. நோவு வந்து படுத்தப்புறம் போனா கம்பெனிக்காரன் வாசப்படி ஏத்தமாட்டான்’னான். ‘ஒண்ணும் வரலேன்னா கட்டின பணம் திரும்பாதேடா’ன்னேன். ‘வரலேன்னா சந்தோசப்படுங்க, வந்தா நெலத்த விக்காம வூடு வந்து சேருவீங்க’ன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ரெண்டு வருசம் கட்டினேன்.

– அதாவது மாமா, நான் சொன்னதுல ஒண்ணும் பொய்யில்ல.

– பொய்யில்லையா? தை மாசம் வவுத்துல ஓட்ட விழுந்து சேலத்துல அறுத்தாங்க. பில்லெல்லாம் நீதான வாங்கிட்டுப் போன? இப்ப இங்கிலீசுல ஒரு லெட்டர் வந்திருக்குது. பங்குச் சாமியார் படிச்சுச் சொன்னாரு. இந்த நோவு பாலிசி எடுக்கறதுக்கு முன்னாலயே இருந்துதாம், நான் மறைச்சுட்டேனாம், ஒத்தப் பைசா கெடையாதாம். மறைச்சேனாம்! யாரு? நானு!

– முன்னால இல்லன்னு எனக்குத் தெரியாதா? பாலிசி போடறப்ப தருமபுரிக்கு செக்கப்புக்குக் கூட்டிக்கிட்டுப் போனதே நான்தானே. டாக்டர் வயித்த அமுக்கிப் பாத்துட்டு, ‘இந்த வயசுல இப்படி ஒரு உடம்பா’ன்னு அசந்துபோனாரு.

– அவருக்குப் பதில் சொல்லலாம்னு வாயத் தொறந்தா, நீ என் தொடையக் கிள்ளின. ஒரு வாரம் கன்னிப்போயிக் கெடந்துச்சு.

– கிள்ளாம? டாக்டர் கண்ணு பட்டுடும்னு, ‘எங்கங்க, பத்து வருசமா வவுத்துவலி’ன்னு ஆரம்பிச்சிருப்பீங்க. அவரும் எழுதியிருப்பாரு. பஸ்ஸுல, சந்தையில, கோயில்ல, யாரு உங்க உடம்பப் பத்திப் பேசினாலும் அதே பாட்டுதானே மாமா!

– ஆமா, சொல்லுவேன். எங்கண்ணன் சொல்லல. திருவிழாவுல தேரத் தூக்கி எறக்கிட்டு, ‘எனக்கு ஒரு சொரம் வந்திருக்குமா’ன்னு ஊருக்கு முன்னால மாரத் தட்டினான். எட்டாம் நாளு குழியில மண்ணு தள்ளினோம். என் கையாலதான் தள்ளினேன். அன்னியிலேருந்து எவனாச்சும் நல்லா இருக்கியேன்னு சொன்னா, ஒரு நோவச் சொல்லித்தான் அனுப்பறது. ஆனா கேட்டுக்க, சேலத்துல அப்படி ஒரு வார்த்த சொல்லல. வலியில வாயே தொறக்கல.

– மாதாவே, செத்தவரை எதுக்கு இப்ப இழுக்கறீங்க? நாளைக்கு விடியறதுக்குள்ள மாட்டுத் தரகன் மாது வந்துடுவான், ரெண்டு காளையையும் பாப்பாரப்பட்டி சந்தைக்கு ஓட்டறதுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கடன் குடுத்தவரு வெள்ளிக்கெழம வரைக்கும்தான் தவண சொல்லியிருக்காரு. காள போனா, மழ பேஞ்சதும் எத வெச்சு ஏர் ஓட்டறது? அதப் பேசுங்க.

– அதுக்குத்தான்டி கேக்கறேன். நோவு முன்னாலயே இருந்துதுன்னு அவனுங்களுக்கு எவன் சொன்னான்? நேர்ல விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டோம்னு லெட்டர்ல போட்டிருக்குது. எவனோ கூட இருக்கறவன்தான் காட்டிக் குடுத்திருக்கான். மச்சான், நீதான? கம்பெனியில நல்ல பேரு வாங்கறதுக்கு மாமனையே வித்துட்டியா?

– மாமா! நான் எதுக்கு அப்படிச் சொல்லப்போறேன்? உங்க பில்லு பாஸாவலேன்னு தெரிஞ்சதும் ஊருல ரெண்டு பேரு என்கிட்ட பாலிசி எடுக்கறதா இருந்தவங்க வேணாம்னுட்டாங்க. என் பொழப்பும்தான் போவுது.

– அப்ப இவளா? சேலத்துல நர்சம்மா என்னென்னமோ கேட்டு எழுதினப்ப பக்கத்துல நின்னது இவ ஒருத்திதான். என்னடி சொல்லித் தொலச்ச?

– என்னையா கேக்கறீங்க? பதினெட்டு நாளு ஆஸ்பத்திரித் தரையில படுத்துக் கெடந்தவளப் பாத்தா கேக்கறீங்க? ‘முந்தாநேத்து வரைக்கும் மூணு உருண்ட களி தின்ன மனுசன், ஒரு தலவலின்னு படுத்ததில்ல’ன்னுதான் சொன்னேன். கண்ணு பட்டாலும் படட்டும், டாக்டருக்கு உண்மையச் சொன்னாத்தான் பொழைப்பீங்கன்னு, பயந்துக்கிட்டே சொன்னேன். இப்ப நான் காட்டிக் குடுத்தவளா?

– அழுவாத. அழுது என்ன ஆவப்போவுது? சொந்தம்னு இருக்கறதுல ஒண்ணுகூட சரியில்ல. அந்த வெள்ளச் சட்டக்காரன் எவ்வளவோ தேவலாம். முன்னப்பின்ன தெரியாதவன், எவ்வளவு பிரியமா விசாரிச்சான்!

– எந்த வெள்ளச் சட்ட? நான் பாக்கலியே?

– நீ கோயிலுக்குப் போயிருந்த. மாசி நடுவுல ஸ்கூட்டர்ல வந்தான், பொம்மிடிக்கு வழி கேட்டுக்கிட்டு. தண்ணி கேட்டான், மோர் குடுத்தேன். காளையத் தடவிக் குடுத்தான். ஆபரேசன்னு சொன்னதும் ரொம்ப நேரம் உக்காந்து கேட்டான். இவன் எங்க, பில்ல வாங்கிட்டுப் போனதோட சரி, இன்னிக்குத்தான் மூஞ்சியக் காட்டறான்.

– எப்படிக் காட்டறது மாமா? ரெண்டு நாளா பஸ் ஏறறதும் எறங்கறதுமா இருந்தேன். அதாவது, பெரிய பில்லுன்னா விசாரிச்சுட்டு வரச்சொல்லி கம்பெனி ஒரு ஆள அனுப்பும். ஏஜெண்டுக்கு மூச்சு விடமாட்டாங்க. அந்த ஆளு எழுதிக் குடுத்ததோட நகல, ஆபீசுல ஒரு கிளார்க்கு கையக் காலப் புடிச்சு வாங்கிட்டு வந்திருக்கேன்.

– பேரு இருக்குதா அதுல? சொன்னவன் பேரு?

– இருக்குது.

– படி. இன்னிக்கே அவன் வூட்டு வாசல்ல போயி நிக்கறேன். ‘உன் வூட்டுல ஏரப் புடுங்கினா உனக்கு எப்படியிருக்கும்’னு கேக்கறேன். படி!

– வேணாம் மாமா.

– மருவாதியாப் படிடா!

– ‘பிப்ரவரி இருபத்தேழு. மாட்டுக் கொட்டாயில வெச்சுப் பாத்தேன். ஆபரேசன் ஆன உடம்பு மாதிரியே தெரியலீங்களே, கல்லு மாதிரி இருக்கீங்களேன்னு பேச்சுக் குடுத்தேன். அதுக்கு அவரு...’

– ஏன்டா நிறுத்திட்ட? மேல படி பெரியநாயகம். அதுக்கு யாரு என்ன சொன்னாங்களாம்?

– வேணாம் மதலேனா, அவன் படிக்க வேணாம். மோர ஊத்திக்கிட்டே சொன்னேன்... ‘எங்கங்க, பத்து வருசமா வவுத்துவலி’ன்னு.