விற்பனைக்கு: கிணற்றோடு கூடிய ஓட்டு வீடு

பழைய வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஏன் தட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. தட்டிவிட்டு ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டுவார்கள். அப்புறம் அண்ணாந்து உத்திரத்தைப் பார்ப்பார்கள். கொல்லைப்பக்கம் போய், கிணற்றை ஏன் மூடிவைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்குள் நான் காப்பி கலந்துவிடுவேன். காப்பியைக் குடித்து முடிக்கிறவரை யாரும் எழுந்து போக மாட்டார்கள் அல்லவா? அதனால் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பெயர் செங்கல்வராயன், வயது அறுபத்தொன்று. எளாவூர் செக்போஸ்ட்டில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். கட்டையை இறக்கி லாரியை நிறுத்துவோம். சீட்டைப் பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்கச் சொல்வேன். கல்கத்தா போகிறவன், விஜயவாடா போகிறவன், எல்லாரும் என் ஜன்னலுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அதில் ஒருவனாவது எஞ்சினை அணைத்துவிட்டு நின்றதில்லை.

என் மனைவி ரத்னா அறுபத்தாறாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. தண்ணீர் சேந்த ஆளில்லாத வீட்டுக்குக் கிணறு எதற்கு? கிணறு தூர்வாருகிற குப்பனைக் கூப்பிட்டுப் பலகை போட்டு, மேலே தகரம் அடித்து மூடச் சொன்னேன். நான் தெருக் குழாயில் பிடித்துக்கொள்வேன். ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, கடைசியாக நான் வாய்விட்டுப் பேசியது எப்போது என்று யோசித்தேன். ஐந்து நாள் ஆகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாகிவிட்டது. அந்த வாரமே பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். எளாவூர் அருகில் பழைய ஓட்டு வீடு, கிணறு, இரண்டு புளியமரம், நேரில் வரவும்.

வந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொரு கம்பெனியாக வர ஆரம்பித்திருந்த நேரம், வீடு தேடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. நாலு வருஷத்தில் பதினோரு குடும்பம் வந்து பார்த்தது. யாருக்கும் விற்கவில்லை. விற்கிற எண்ணமே எனக்கு இருந்ததில்லை. இதில் யாருக்கு என்ன குறைந்துபோயிற்று, சொல்லுங்கள்.

பாக்கியநாதன் வந்தது இந்த வருஷம் தை மாதத்தில். ஆணி செய்கிற கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். பர்மாவில் பிறந்து வளர்ந்தவர். கப்பலில் வந்து இறங்கிப் பதின்மூன்று வருஷம் ஆகியும் அவருக்கு இது வெளிநாடுதான். காயவைத்திருந்த வேப்பம்பூவை மோந்து பார்த்து இது என்ன பூ என்று கேட்டார். மௌல்மீனில் ஆற்றங்கரையில் இருந்த மரவீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்களாம். இங்கே வந்து முகாம், அப்புறம் தகரக் கொட்டகை, அப்புறம் இன்னொரு கொட்டகை.

"காலனில புதுசு புதுசா கட்டிக்கினு இருக்கானுங்களே சார், அது இன்னா கொறச்சல்?" என்று கேட்டேன்.

"நூறு வருசம் நின்ன வீடா வேணும்ணே. போற எடத்துலெல்லாம் எந்திரி எந்திரின்னுட்டாங்க. எங்க சாராள் சொல்லிட்டா, இனிமே யாரும் நம்மள எழுப்ப முடியாத வீடாப் பாருங்கன்னு."

சாராள் அவர் மனைவி. ஒரு மகளும் உண்டு. பாக்கியநாதன் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. கையை விரித்துச் சுவர்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஆராதனை முடிந்து ரயிலேறி, எளாவூரில் இறங்கி, வெயிலில் நடந்தே வருவார். ஒரு வாரம் உடைந்த ஓட்டை மாற்றினார். ஒரு வாரம் சமையலறை ஜன்னலுக்குக் கீல் போட்டார். சனிக்கிழமையே நான் வீட்டைப் பெருக்கிவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தேன். பத்திரம் எப்போது எழுதலாம் என்று கேட்கும்போதெல்லாம், தங்கச்சி கையெழுத்து வேண்டும், சூளூர்பேட்டையில் இருக்கிறாள், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவந்தேன். எனக்குத் தங்கை கிடையாது.

ஒரு ஞாயிறு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார். "வீட்ட எழுதிக் குடுத்துட்டு நீங்க எங்கண்ணே போவீங்க? முன் ரூமுல நீங்களே இருந்துக்கங்க. சாராளும் அதான் சொன்னா. மூணு பேருக்கு ஆக்குறவ நாலு பேருக்கு ஆக்க மாட்டாளா?"

நான் சிரித்து வைத்தேன். செக்போஸ்ட்டில் லாரிக்காரர்களும் எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். கூப்பிடுவது போகிறவர்களுடைய வழக்கம். நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை.

மாசி கடைசியில், ஒரு வியாழக்கிழமை, அவரிடமிருந்து கார்டு வந்தது. சூளூர்பேட்டைக்குத் தானே போய் என் தங்கையைத் தேடினதாகவும், நான்கு தெரு விசாரித்தும் கிடைக்கவில்லை என்றும், அண்ணனுக்கு இனிமேல் சிரமம் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். கவரைப்பேட்டையில் ஒரு பழைய வீடு அமைந்துவிட்டதாம். ஞாயிறு நேரில் வந்து சொல்லிக்கொண்டு போகிறேன் என்று முடித்திருந்தார். ஒரு வார்த்தை கோபம் இல்லை. நான் பொய் சொன்னேன் என்றே அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அந்தக் கார்டை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் அழுதேன்.

கிணற்றை மூடும்போது குப்பன் ஒன்று சொல்லியிருந்தான். "என்னிக்காச்சும் தொறந்தா வெளக்க வுட்டுப் பாரு நைனா. வெளக்கு அணைஞ்சுதுன்னா எவனையும் எறக்காத. உள்ள காத்து கெட்டுப்போயிருக்கும், மயக்கம் போட்டுப் பூடுவான்." இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதான். மூடிக்கிடந்த கிணற்றில் விளக்கை இறக்காமல் யாரும் காலை வைப்பதில்லை.

சனிக்கிழமை காலையில் ஒரு பலகையை மட்டும் தூக்கி, அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் விட்டேன். இரண்டு ஆள் உயரம் போனதும் அணைந்துவிட்டது. காற்றடித்து அணைந்திருக்கலாம் என்று மறுபடி ஏற்றி விட்டேன். அதே இடத்தில் அணைந்தது. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பது எனக்கு உத்தியோகத்திலிருந்தே பழக்கம். பலகையைப் பழையபடி போட்டுவிட்டு வந்து குளித்தேன்.

ஞாயிறு அவர் ஒரு வெற்றிலைப் பெட்டி கொண்டுவந்தார். பர்மாக்காரர்கள் அரக்குப் பூசிச் செய்கிற சிவப்புப் பெட்டி, கப்பலில் கூடவே வந்தது. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மடியில் வைத்தார். விட்டுப் போகிறவர்கள்தானே ஞாபகத்துக்கு என்று ஏதாவது கொடுப்பார்கள்? அது மட்டும் இல்லாதிருந்தால் நான் ஒருவேளை மனசு மாறியிருப்பேனோ என்னவோ.

"கவரைப்பேட்டை இன்னாத்துக்கு சார்? நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். தங்கச்சி ஒத்துக்கினு லெட்டர் போட்டுட்டா" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சாராளிடம் என்ன சொல்லப்போகிறேனோ என்று அவரே பேசிக்கொண்டார்.

"ஊடு வாங்கறவரு கெணத்து ஊத்தப் பாக்காம வாங்கக்கூடாது. எறங்கி ஒரு தபா பாத்துடுங்க. படிக்கல்லு பதிச்ச கெணறுதான்."

பலகைகளை இருவருமாக நகர்த்தினோம். அவர் சட்டையைக் கழற்றி மடித்துத் துவைக்கிற கல்மேல் வைத்தார். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். தேவையில்லை என்றேன். ஆற்றங்கரையில் வளர்ந்தவருக்குக் கிணற்றைப் பற்றி என்ன தெரியும்?

"தண்ணி தெரியுதுண்ணே, நல்ல தெளிவா இருக்கு" என்று கீழேயிருந்து சொன்னார். இன்னும் நாலு படி இறங்கினார். "தலைய சுத்துதே. கயித்தப் போடுங்கண்ணே."

கயிறு என் கையில்தான் இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம வருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மரியாதையான மனிதர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதுவரை இருந்ததே இல்லை. நான் பொழுது சாய்கிறவரை கிணற்றடியிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். ரத்னாவைப் பற்றி, செக்போஸ்ட்டைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். ரயிலுக்கு நேரமாச்சு என்று அன்றைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு பலகையையும் தகரத்தையும் போட்டு மூடினேன்.

மறுநாள் சாராள் வந்தாள். "அண்ணே, அவரு நேத்து இங்க வந்தாரா?"

"இல்லியே தங்கச்சி. நானும் பாத்துக்கினே இருந்தேன்."

தங்கச்சி என்று தானாக வாயில் வந்தது. எனக்கு நன்றாக இருந்தது. காணவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாள். அவர் வழக்கமாக வருகிற இடமாயிற்றே, ஒருவேளை இங்கே வந்துவிட மாட்டாரா என்று உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். ஜன்னல் கீலைத் தொட்டுப் பார்த்து, இது அவர் போட்டதா என்று கேட்டாள். நான் கொடுத்த காப்பியைக் குடித்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஞாயிறுகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாலாவது ஞாயிறு, இனிமேல் வர மாட்டேன் என்றாள். நெய்வேலியில் இருக்கிற அண்ணன் கூப்பிடுகிறாராம், மகளோடு அங்கேயே போய்விடப் போகிறாளாம்.

அதனால்தான் சொன்னேன், ஐயா. இல்லாவிட்டால் உங்களுக்கு இது என்றைக்கும் தெரிந்திருக்காது. கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய், "எங்கியும் போவாத தங்கச்சி, அவரு இங்கதான் இருக்காரு. நீயும் இங்கியே இருந்துடு. முன் ரூமு உனக்குத்தான்" என்று காட்டினேன். கேட்டால் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ரோட்டுக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டினாள். லாரிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

பாக்கியநாதனைக் கொன்றது நான்தான். விளக்கு அணைந்ததைத் தெரிந்துகொண்டே இறக்கினேன், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே போடாமல் இருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

சாராளையும் நீங்கள் விசாரணைக்குக் கூப்பிடுவீர்கள் அல்லவா? எந்தக் கிழமை என்று முன்கூட்டியே எனக்குச் சொல்லிவிடுங்கள். அவளுக்குக் காப்பியில் அரைக் கரண்டி சர்க்கரைதான் போட வேண்டும், இங்கே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது.